81 எப்படி 6 ஆனது?

கேள்வி: படிவம் 4 படிக்கும் என் மகள், நிலாவில் நம் எடை ஆறில் ஒரு பங்குதான் என்கிறாள். ஆனால் நிலாவின் பொருண்மை பூமியின் பொருண்மையில் 81இல் ஒரு பங்குதானாம். அப்படியானால் எடையும் 81இல் ஒரு பங்காகத்தானே இருக்க வேண்டும்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். "நிலா சிறியது, அதனால் ஈர்ப்பு குறைவு" என்று சொல்லிப் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

பொருண்மை பாதிக் கதைதான். மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது மீதி. தூரம் பாதியானால் இழுப்பு நான்கு மடங்காகும். பூமியின் மையம் நம் காலடியிலிருந்து சுமார் 6,370 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. நிலாவில் நிற்பவருக்கு 1,737 கிலோமீட்டர்தான். அதாவது தூரம் 3.67 மடங்கு குறைவு. 3.67ஐ 3.67ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 13.5. பொருண்மையால் 81 மடங்கு குறைந்த இழுப்பு, மையம் பக்கத்தில் இருப்பதால் 13.5 மடங்கு கூடிவிடுகிறது. சரி, 81ஐ 13.5ஆல் வகுத்துப் பாருங்கள். 6! இந்தக் கணக்கை மகளையே போடச் சொல்லுங்கள். அந்த 6 வரும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசை.

யுரேனஸில் இது தலைகீழ். பூமியைப்போல் பதினான்கரை மடங்கு பொருண்மை, ஆனால் ஆரமும் நான்கு மடங்கு. அதனால் அதன் மேக உச்சியில் நம் எடை இங்கிருப்பதைவிடச் சற்றுக் குறைவுதான்.

ஜார்ஜ் டவுனில் என் அப்பாவின் மளிகைக் கடையில் தட்டுத் தராசும் இருந்தது, கொக்கியில் தொங்கும் ஸ்பிரிங் தராசும் இருந்தது. இரண்டையும் நிலாவுக்குக் கொண்டுபோய் 6 கிலோ அரிசியை நிறுத்தால், ஸ்பிரிங் தராசு 1 கிலோ என்று காட்டும். தட்டுத் தராசோ அங்கேயும் 6 கிலோ என்றுதான் சொல்லும், ஏனென்றால் படிக்கல்லும் சேர்ந்தே லேசாகிவிடுகிறது. அரிசியில் ஒரு மணிகூடக் குறையவில்லை. அந்த மாறாத 6 கிலோதான் பொருண்மை. ஸ்பிரிங்கை இழுப்பது எடை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வித்தியாசத்தைப் பார்க்க நிலாவரைக்கும் போக வேண்டியதில்லை. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருக்கிறது. பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் இங்கே இழுப்பு கொஞ்சம் குறைவு. வட துருவத்தில் சரிபார்த்த ஸ்பிரிங் தராசை இங்கே கொண்டுவந்தால், 10 கிலோ அரிசிக்குச் சுமார் 50 கிராம் குறைத்துக் காட்டும்.