நிறுவையில் ஏன் சண்டை?

கேள்வி: இலங்கையில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் புதிதாக வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்துள்ளேன். கொழுந்து நிறுக்கும் போதெல்லாம் வாக்குவாதம். என்ன செய்யலாம்?

பதில்: நிறுத்த எடையில் கிலோவை வெட்டுவதைவிட, காரணம் சொல்லாமல் வெட்டுவதுதான் கோபத்தைக் கிளப்பும். நிறுக்குமுன் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, 5 கிலோ படிக்கல்லை வைத்து எல்லோருக்கும் காட்டுங்கள். சாக்கின் எடை எவ்வளவு, மழை ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு என்று தனித்தனியே உரக்கச் சொல்லி அப்போதே எழுதுங்கள். ஒரே மலையில், ஒரே மழையில் பறித்தவர்களுக்கு ஈரக்கழிவு ஆளுக்கு ஆள் மாறினால் (வேண்டியவருக்குக் குறைந்தால் கேட்கவே வேண்டாம்) பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.

முற்றல் இலை அதிகமா? ஒரு பிடி அள்ளி, இரண்டு இலையும் மொட்டும் ஒருபக்கம், முற்றல் மறுபக்கம் என அவர் கண்முன்னே பிரித்துக் காட்டுங்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நாலு பேர் முன்னால் ஏசாதீர்கள். தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், வயதில் மூத்தவரை ‘அக்கா’ என்றே.