அலியா, டைசனா? முதலில் தேதியைச் சொல்லுங்கள்

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடினால் பேச்சு எப்படியோ குத்துச்சண்டையில் வந்து நின்றுவிடும். நல்ல ஃபார்மில் இருந்த முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? ஒருவர் நாக் அவுட் வீடியோக்களாகக் காட்டி டைசன்தான் என்கிறார். இன்னொருவர் அலியை விட்டுக்கொடுப்பதே இல்லை. கத்தலில் முடியாமல் இதை முறையாக வாதாட வழி உண்டா?

பதில்: உண்டு. பெயரை மோதவிடாமல் தேதியை மோதவிடுங்கள், பாதிக் கத்தல் அங்கேயே அடங்கிவிடும்.

1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலி ஒருவர். 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்தபடி ஜார்ஜ் ஃபோர்மனின் அடிகளை வாங்கிக்கொண்டு, எட்டாவது ரவுண்டில் அவரைச் சாய்த்த அலி வேறொருவர். நடுவில் மூன்றரை வருடம் அவரை ரிங்குக்குள் விடவில்லை. பழைய கால் வேகம் அப்புறம் திரும்பவே இல்லை. 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது அவருக்கு 38 வயது. அதை நேரில் பார்த்த பெரியவர் யாராவது உங்கள் ஜமாவில் இருந்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சாட்சியாக மட்டும் சேர்க்காதீர்கள்.

டைசனுக்கும் இதே கதைதான். 1988 ஜூன் 27-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் படுக்கவைத்தவரும், 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது ரவுண்டில் விழுந்தவரும் ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம். இடையில் பயிற்சியாளர் கெவின் ரூனியை அனுப்பிவிட்டார். தலையை ஆட்டி ஆட்டி உள்ளே நுழையும் பழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது.

சரி, 1966 அலியும் 1988 டைசனும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த இரண்டு வெற்றிகளையே ஆதாரமாகக் காட்டினால் நான் ஏற்க மாட்டேன். வில்லியம்ஸ் 1964-ல் போலீஸ் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். ஸ்பிங்க்ஸ் லைட் ஹெவிவெயிட் என்ற குறைந்த எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர். அன்று ரிங்குக்குள் வரும்போதே முகத்தில் பயம் தெரிந்தது. இப்படிப்பட்ட வீடியோ ஒரு வீரரின் அழகைக் காட்டும், அவ்வளவுதான். நீங்கள் தேட வேண்டியது அவர் திணறிய ராத்திரிகளை.

அலி பெரிதாக விழுந்த மூன்று தடவைகளைப் பாருங்கள். 1962-ல் சானி பேங்க்ஸ், 1963-ல் ஹென்றி கூப்பர், 1971-ல் கடைசி ரவுண்டில் ஜோ ஃபிரேசியர். மூன்றும் லெஃப்ட் ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் இடது கைக் குத்து. இது தற்செயல் இல்லை. குத்து வந்தால் குனியாமல் தலையை நேராகப் பின்னால் இழுப்பது அலியின் வழக்கம். கைகளும் தாழ்ந்தே இருக்கும். வேகம் இருக்கும்வரை அது ஸ்டைல். ஒரு நொடி தாமதித்தால் தாடை திறந்து கிடக்கும். டைசனிடம் இருந்த நல்ல ஆயுதங்களில் ஒன்று அதே லெஃப்ட் ஹூக். டைசன் கட்சிக்காரருக்கு இதைவிட நல்ல வாதம் கிடைக்காது. நாக் அவுட் வீடியோக்களை மூடிவிட்டு இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

டைசனை யார் கட்டிப்போட்டார்கள்? 1987-ல் போன்கிரஷர் ஸ்மித் அவரை விடாமல் பிடித்துக்கொண்டே 12 ரவுண்டு ஓட்டினார். நடுவர் மில்ஸ் லேன் புள்ளி குறைத்தும் விடவில்லை. பார்க்கச் சகிக்காத சண்டை, ஆனால் பாடம் இருக்கிறது. அதே வருடம் 6 அடி 5 அங்குல உயரமுள்ள டோனி டக்கரும் 12 ரவுண்டு நின்றார். இரண்டிலும் ஜெயித்தது டைசன்தான். ஆனாலும் உயரமான ஆள் முன்கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாப் போட்டு, கிட்டே வந்தால் கட்டிக்கொண்டால், அவருடைய குத்துகள் ரவுண்டுக்கு ரவுண்டு குறைகின்றன. ஃபிரேசியர் அப்படியில்லை, சூடேற நேரம் எடுப்பார், ஏறியபின் ஓயவே மாட்டார். 'ஃபிரேசியரே அலியை வென்றார், டைசன் வெல்ல மாட்டாரா' என்ற வாதம் இங்கேதான் உடைகிறது.

அலிக்குக் கட்டிக்கொள்வது கைவந்த கலை. எதிராளியின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்துத் தொங்குவார். அது செல்லுமா என்பது நடுவரைப் பொறுத்தது. 1974-ல் ஃபிரேசியருடனான இரண்டாவது சண்டையில் நடுவர் டோனி பெரெஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று இன்றுவரை பேச்சு உண்டு. 1975-ல் மணிலாவில் கார்லோஸ் படியா அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கிட்டத்தட்ட உயிரைக் கொடுத்துத்தான் அலி ஜெயிக்க வேண்டியிருந்தது. ஆகவே வாதத்துக்கு முன்பே நடுவர் யார், 15 ரவுண்டா 12 ரவுண்டா, கிளவுஸ் அந்தக் கால 8 அவுன்ஸா இப்போதைய 10 அவுன்ஸா என்று பேசி முடியுங்கள்.

என் கணக்கு இது: பெரெஸ் மாதிரி நடுவர், 15 ரவுண்டு என்றால் பத்து முறை மோதினால் ஏழு முறை அலி. முதல் நாலு ரவுண்டில் அவர் ஒருமுறையாவது விழுவார், எழுந்தும் விடுவார். படியா நடுவர், 12 ரவுண்டு என்றால் பத்துக்கு ஆறு. அப்போதும் அலி பக்கமே சாய்வேன். இப்படி எண்ணாகச் சொல்லும் பழக்கத்தை உங்கள் ஜமாவிலும் கொண்டுவாருங்கள். 'நிச்சயமா டைசன்தான்' என்பவரிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் குரல் தானாக இறங்கும்.

'அவர் இவரை அடித்தார், இவர் அவரை அடித்தார்' என்ற சங்கிலிக் கணக்கை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஃபிரேசியர் அலியை வென்றார். ஃபோர்மன் 1973-ல் கிங்ஸ்டனில் ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளினார். அந்த ஃபோர்மனை அலி வென்றார். வட்டம் முடிந்தது, ஒன்றும் நிரூபணமாகவில்லை.

கம்ப்யூட்டரும் உதவாது. 1969-ல் அலியையும் பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவையும் நிஜமாகவே ரிங்கில் ஏற்றிப் பல முடிவுகளைப் படம்பிடித்து, கம்ப்யூட்டர் கணித்ததாகச் சொல்லி 1970 ஜனவரியில் தியேட்டர்களில் காட்டினார்கள். அமெரிக்காவில் 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவில் அலி ஜெயிக்கும் முடிவு ஓடியது!

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. அலி, டைசன் இருவரும் 210-220 பவுண்டுக்குள் இருந்ததால் இந்த ஜோடிக்கு அது பிரச்சினை இல்லை. 185 பவுண்டு மார்சியானோவை 260 பவுண்டு டைசன் ஃபியூரியோடு (இவர் வேறு டைசன், இந்தக் கால வீரர்) நிறுத்தினால் நான் விளையாட்டுக்கு வரமாட்டேன். இன்றைய கணக்கில் மார்சியானோ ஹெவிவெயிட்டே இல்லை, 200 பவுண்டு வரம்புள்ள குரூஸர்வெயிட்.

அடுத்த ஞாயிறுக்கு வேறு ஜோடி வேண்டுமென்றால் அலியோடு உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கை நிறுத்துங்கள். இருவரும் 6 அடி 3 அங்குலம், ரீச்சும், அதாவது கைகளை விரித்தால் வரும் நீளமும், இருவருக்கும் 78 அங்குலம். அளவைக் காட்டி யாரும் தப்ப முடியாது. உசிக் சவுத்பா, இடது கைக்காரர். 1966 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர் என்ற இடது கைக்காரர் அலியை 12-வது ரவுண்டு வரை இழுத்துப் பாடுபடுத்தினார். வாதத்தை ஆரம்பிக்கும் முன் அந்தச் சண்டையை எல்லோரும் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.