டெம்பர் கிளாஸ் 150 ரூபாய், ஸ்கிரீன் பிளான் 1,899 ரூபாய்: எதை வாங்குவது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். 10 மாதத் தவணையில் 22,000 ரூபாய்க்குப் போன் வாங்கப்போகிறேன். 1,200 ரூபாய்க்குத் திரவப் பசையால் ஒட்டும் யூவி கிளாஸ், 1,899 ரூபாய்க்கு ஒரு வருட ஸ்கிரீன் பிளான், இரண்டையும் தவணையிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். கீறல் தாங்கும் கொரில்லா கிளாஸ் திரை உள்ள போனுக்கு எதுவுமே வேண்டாம் என்கிறார் என் கணவர். டிஸ்பிளே உடைந்தால் மாற்ற 7,000 ரூபாயாம். பிளான் இருந்தால் ஒரு தடவை 500 ரூபாய் கட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆறு வருடத்தில் ஒரு தடவைதான் போனை உடைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: 150 ரூபாய் டெம்பர் கிளாஸை மட்டும் ஒட்டுங்கள். மற்ற இரண்டும் வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே கணக்கு இருக்கிறது. ஆறு வருடமும் இந்தப் பிளானை எடுத்திருந்தால் 11,394 ரூபாய் கட்டியிருப்பீர்கள். உடைந்த அந்த ஒரு தடவையில் மிச்சமாகியிருப்பது 6,500 ரூபாய். வருடத்துக்கு ஒரு போனை உடைக்கிற ஆளாக இருந்தால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

டெம்பர் கிளாஸ் கதை வேறு. வருடத்துக்கு இரண்டு மாற்றினாலும் 300 ரூபாய்தான். ஒரு டிஸ்பிளே மாற்றும் காசில் 23 வருடம் ஒட்டலாம். இப்போதைய போன்களில் மேல் கண்ணாடி, டச், டிஸ்பிளே எல்லாம் ஒன்றாக ஒட்டியே வருகின்றன. அதனால்தான் மேலே மெல்லிய விரிசல் விட்டாலும் கடையில் 'கோம்போ மாத்தணும்' என்கிறார்கள். கம்பெனி வாரன்டி கீழே விழுந்து உடைந்ததற்குச் செல்லாது.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கொரில்லா கிளாஸில் சாவியும் சில்லறையும் அவ்வளவு லேசில் கீறல் போடாது. ஆனால் மணல் போடும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. ஆறு மாதம் கைப்பையில் கிடந்த போனை அணைத்துவிட்டு, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள், முடி போல மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் டெம்பர் கிளாஸில் விழுந்தால் உரித்துப் போட்டுவிட்டு வேறு ஒட்டலாம். முனை இடிபட்டால் பல நேரம் அது முதலில் தெறித்துப் போனைக் காப்பாற்றிவிடும். எப்போதும் காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். அட்டையில் இருக்கும் '9எச்' பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. விழுந்தால் தாங்குமா என்பதை அது சொல்லாது. அதற்காகக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். ஓரம் சற்றே உயர்ந்த பின் கவர் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

யூவி கிளாஸ் முக்கியமாக வளைந்த திரைக்கானது. தட்டையான திரைக்கு அது தேவையே இல்லை. அதன் திரவப் பசை ஸ்பீக்கர் துளைக்குள் இறங்கிவிடுவதும் உண்டு.

எனக்குக் கவலை தருவது அந்த 3,099 ரூபாயைத் தவணையில் சேர்ப்பதுதான். ஒரு கண்ணாடிக்காக யாராவது கடன் வாங்குவார்களா? பில் போடும்போது 'போனுக்கு மட்டும் தவணை போடுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன் கடன் தொகையைப் படித்துப் பாருங்கள். அப்புறம், உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே மாதம் 250 ரூபாய்க்கு ஒரு வருட ஆர்டி தொடங்குங்கள். போன் உடைந்தால் டிஸ்பிளே செலவில் ஒரு பகுதி அதிலிருந்து வரும். உடையாவிட்டால் 3,000 ரூபாயும் அதன் வட்டியும் உங்கள் கையில்.