புது மாடல் வரும் நேரத்தில் பழைய டெஸ்க்டாப்பை மாற்றலாமா, பொறுக்கலாமா?

கேட்டவரின் நிலவரம் இது: 2019-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ரைசன் 5 2600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் இன்னமும் ஹார்ட் டிஸ்க்கில்தான். போட்டோ எடிட்டிங், கொஞ்சம் வீடியோ, வார இறுதியில் கேம். மெஷின் நாளுக்கு நாள் மந்தமாகிறது. சில மாதங்களில் புது ப்ராசசர் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. இப்போதே புதுசு வாங்கலாமா, அது வரும்வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். ஆனால் புதுசும் வாங்க வேண்டாம். உங்கள் போர்டிலேயே நடுவழி ஒன்று இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால் இந்தப் புது மாடல் சமாசாரத்தைக் கொஞ்சம் பேசிவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

புது மாடல் எதுவும் வரவிருக்காத காலம் என்று ஒன்று கிடையாது. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர் பக்கம் 12-ஆம் தலைமுறை 2021 நவம்பரில் வந்தது. அப்புறம் 2022, 2023, 2024 என்று ஒவ்வொரு அக்டோபரிலும் அடுத்தடுத்து வந்தன. ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசை 2020 நவம்பர், 7000 வரிசை 2022 செப்டம்பர், 9000 வரிசை 2024 ஆகஸ்ட். என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள் 2020 செப்டம்பர், 2022 அக்டோபர், 2025 ஜனவரி. மூன்றையும் ஒரே காலண்டரில் குறித்துப் பாருங்கள். இதில் எந்த மாதத்தில் வாங்கியிருந்தாலும் சுமார் ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒன்று வந்திருக்கும்.

கம்பெனிகளும் முன்கூட்டித் தெளிவாகச் சொல்வதில்லை. அதற்கு ஒரு பழைய கதை காரணமாகச் சொல்லப்படும். 1981-ல் ஆஸ்பார்ன் 1 என்ற தூக்கிச் செல்லக்கூடிய கம்ப்யூட்டர் நன்றாக விற்றது. 1983-ல் அடுத்த மாடல் பற்றிய பேச்சு வெளியே வந்ததும் கையிலிருந்த சரக்கை யாரும் வாங்கவில்லை, அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவால். அது ஒன்றேதான் காரணமா என்பதில் விவாதம் உண்டு. ஆனாலும் அந்தப் பயம் இன்றுவரை போகவில்லை. அதனால் அதிகாரப்பூர்வமாகத் தேதி அறிவிக்கும் வரை நீங்கள் படிப்பதெல்லாம் கசிந்த தகவல்தான். அதை நம்பி மாதக்கணக்கில் வேலையைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, புதுசு என்றாலே வேகம் என்று அர்த்தமில்லை. இன்டெலின் 14-ஆம் தலைமுறை பெரும்பாலும் 13-ஐயே கொஞ்சம் முறுக்கிவிட்டதுதான். அதற்கடுத்து 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை மின்சாரத்தை மிச்சப்படுத்தியது, புது சாக்கெட்டும் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) கேட்டது. ஆனால் கேம்களில் முந்தைய 14-ஆம் தலைமுறையைவிடப் பல இடங்களில் பின்தங்கியது. கேமுக்காக அதை எதிர்பார்த்து ஒரு வருடம் பழைய மெஷினில் ஓட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். மறுபக்கம், அடுத்த மாதமே ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி வந்து கேமில் எல்லாவற்றையும் தாண்டியது, உடனே ஸ்டாக்கும் தீர்ந்துபோனது. பெயர் தெரிந்த ஒரு குறிப்பிட்ட சிப், உங்கள் வேலைக்கு அது இவ்வளவு உதவும் என்று தெரியும், தேதியும் வந்துவிட்டது என்றால் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. 'அடுத்த தலைமுறை' என்ற பொதுப்பெயருக்காகக் காத்திருப்பதில் இல்லை.

வெளியான நாளும் கையில் கிடைக்கும் நாளும் ஒன்றல்ல என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020-ல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டை அறிவித்த விலைக்கு வாங்க முடியாமல் ஜனங்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள். கிடைத்தாலும் முதல் சில மாதங்களில் பயோஸ் (மெஷினை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பக்குவப்பட்டிருக்காது. ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5 உள்ள போர்டுகள் வந்த புதிதில் ரேமைச் சோதித்து முடித்து முதல்முறை திரை வருவதற்கே சில நிமிடம் ஆகும். செத்துவிட்டது என்று பயந்து பவரை அணைத்தவர்கள் நிறைய. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக ப்ராசசர்களில் வோல்டேஜ் கோளாறு இருந்தது ஊரறிய வந்ததும், 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் வந்ததும், அவை கடைக்கு வந்து வெகுகாலம் கழித்துத்தான். அதனால் புதுசே வேண்டும் என்றாலும் வந்த வாரமே பாயாமல் இரண்டு மூன்று மாதம் விட்டு வாங்குபவன் நான்.

சரி, புதுசு வந்தால் பழசு விலை இறங்குமே, அதற்காகவாவது பொறுக்கலாமே என்பீர்கள். ப்ராசசருக்கு இது ஓரளவு உண்மை. கிராபிக்ஸ் கார்டில் அவ்வளவாக நடப்பதில்லை; புதுசு வருவதற்குச் சில மாதம் முன்பே பழையதன் தயாரிப்பைக் குறைத்துவிடுவார்கள், மிஞ்சிய சரக்கு விலை இறங்காமலே தீர்ந்துவிடும். ரேம், ஸ்டோரேஜ் இரண்டும் இந்தக் காலண்டருக்கே கட்டுப்படுவதில்லை. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியதும் ஹார்ட் டிஸ்க் விலை உலகம் முழுக்க எகிறியது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை மடங்கு கணக்கில் ஏறியது. 'அடுத்த வருடம் மலிவாகும்' என்று உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பொறுமைக்குத் தண்டனைதான் கிடைத்தது.

இனி உங்கள் மெஷின்.

முதலில் அது எங்கே திணறுகிறது என்று பாருங்கள். வழக்கமான வேலையைத் திறந்து வையுங்கள்: பிரவுசரில் வழக்கமாக இருக்கும் டேப்கள், போட்டோ எடிட்டர், பின்னால் ஒரு பாட்டு. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும்; அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மெஷின் உறைந்து நிற்கும் அந்தக் கணத்தில் எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி. 8 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷின்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே காட்சி: மெமரி 90 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ப்ராசசரோ 15, 20-ல் சும்மா இருக்கும். ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கில் இடம் எடுத்து ஓட்டுகிறது, அந்த டிஸ்க்கோ சுழலும் தட்டு. சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடிப் படிப்பதில் வினாடிக்கு நூறு சொச்சம் தேடலுக்கு மேல் அதனால் முடியாது. சுழலும் தட்டே இல்லாத, சிப்பில் சேமிக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையைப் பல்லாயிரக் கணக்கில் செய்யும். இந்த நிலையில் உலகத்திலேயே வேகமான ப்ராசசரை வைத்தாலும் அதுவும் டிஸ்க் பதில் சொல்லும்வரை காத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆக முதல் செலவு ஒரு எஸ்எஸ்டி. பி450 போர்டில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட் ஒன்றாவது இருக்கும், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதில் போடலாம். அந்த ஸ்லாட் பிசிஐஇ (போர்டும் பாகங்களும் தகவல் பரிமாறும் வழி) 3.0 வேகம்தான், உச்சம் வினாடிக்குச் சுமார் 3500 எம்பி. 4.0 வகையை வாங்கினாலும் அதற்கு மேல் ஓடாது, அதனால் விலை அதிகமானதைத் தேட வேண்டாம். இரண்டாவது ரேமை 16 ஜிபி ஆக்குவது; இப்போது ஒற்றை 8 ஜிபி குச்சிதான் செருகியிருக்கிறது என்றால் இன்னொன்று சேர்க்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலும் ஆகும், ரைசனுக்கு அது நன்றாகவே தெரியும். புது மெஷின்கள் கேட்கும் டிடிஆர்5 ரேம் விலை ஏறிக்கிடக்கும் காலத்தில் கையிலிருக்கும் பழைய டிடிஆர்4 ரேமை விடாமல் வைத்துக்கொள்வதே பெரிய மிச்சம். இந்த இரண்டையும் முடித்துவிட்டுச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். மேலே எதுவும் தேவையில்லை என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

நிற்கவில்லை, வீடியோ எக்ஸ்போர்ட் இன்னும் இழுக்கிறது, அந்த நேரத்தில் ப்ராசசர் கட்டம் 100-ல் நிற்கிறது என்றால் அடுத்தது ப்ராசசர். (அதற்கு முன் எடிட்டரின் எக்ஸ்போர்ட் அமைப்பில் ஹார்டுவேர் என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டே செய்வது) இயங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் 1660-ல் நல்ல என்கோடர் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை.) உங்கள் போர்டு ஏஎம்4 சாக்கெட். 2017-ல் முதல் ரைசனோடு பரவிய சாக்கெட் அது. 2022-லும் அதே சாக்கெட்டுக்கு ரைசன் 5 5600, 5700எக்ஸ், 5800எக்ஸ்3டி எல்லாம் வந்தன. இப்படி ஒரு சாக்கெட் நீடித்தது அபூர்வம். 5800எக்ஸ்3டி இப்போது புதிதாகக் கிடைப்பது கடினம், அதைத் தேடி அலைய வேண்டாம். வீடியோவும் செய்கிற உங்களுக்கு எட்டு கோர் உள்ள 5700எக்ஸ் போதும். நானும் என் பி450-ல் அதையே போட்டு ஓட்டுகிறேன், பக்கத்தில் ஏஎம்5 மெஷின் ஒன்றில் வேலை செய்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் எரிச்சல் வருவதில்லை.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய 2600 சாக்கெட்டில் இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்துவிட வேண்டும். பழைய பயோஸுக்குப் புது சிப்பை அடையாளம் தெரியாது, திரையே வராது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தனியாக எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள், பயோஸ் மாறியதும் அதைக் கேட்கும். அப்புறம் கூலரைக் கழற்றுவது. ஏஎம்4-ல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன, சாக்கெட்டின் பிடியும் லேசானது. பல வருடம் காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசை போல ஒட்டியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசசரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். எனவே பத்து நிமிடம் கேமோ எக்ஸ்போர்ட்டோ ஓட்டிச் சூடாக்கி, மெஷினை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரின் பிடியை விடுவித்ததும் இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பேஸ்ட் இளகி வழுக்குவது கையிலேயே தெரியும். அதற்கப்புறம்தான் தூக்க வேண்டும்.

விண்டோஸ் கவலையும் உங்களுக்குப் பெரிதாக இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, ஆனால் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் 2600-ம் உண்டு. பயோஸில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கினால் போதும். இன்டெல் 7-ஆம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ வைத்திருப்பவருக்கு நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மதர்போர்டோடு மாற்றுவதுதான் வழி, அப்படி மாற்றும்போது இன்னும் ஒரு தலைமுறையாவது ஏற்கும் சாக்கெட்டாகப் பார்க்க வேண்டும். ஏஎம்5-ஐ 2027-ம் அதற்கு மேலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

புது மாடலுக்காகப் பொறுப்பது உங்களைப் பொறுத்தவரை கிராபிக்ஸ் கார்டில் மட்டும் பொருந்தும். 1660-ன் 6 ஜிபி மெமரி புதிய கேம்களுக்கு இறுக்கம்தான், ஆனால் செட்டிங்ஸைக் குறைத்து இன்னும் கொஞ்சம் ஓட்டலாம், வேலை எதுவும் நிற்காது. புது வரிசை வெளியாகி நடுத்தர விலைக் கார்டுகள் வரப் பெரிய கார்டுகளுக்குப் பிறகு சில மாதம் ஆகும். அவை வந்து விமர்சனங்களும் வந்தபின் பாருங்கள். வாங்கும்போது கார்டு எத்தனை பிசிஐஇ லேன் (தகவல் போகும் தடம்) பயன்படுத்துகிறது என்பதைக் கவனியுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கு லேன் மட்டும் உள்ளவை உங்கள் 3.0 போர்டில் கணிசமாக வேகம் இழக்கும். எட்டு லேன் கார்டுகளில் இழப்பு பொதுவாகச் சொற்பம். எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) 2019-ல் வாங்கியதே என்றால் அதன் வாட்டும் கார்டு கேட்கும் பவர் கனெக்டரும் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணையும் போர்டின் முழு மாடல் பெயரையும் எழுதினால் எந்தக் கார்டு வரை போகலாம் என்று சொல்கிறேன்.