கொகுஹோ: அந்த ஒரு வசனம்

அன்புள்ள ஐயா,

லீ சங்-இல் இயக்கிய ‘கொகுஹோ’ என்ற ஜப்பானியப் படம் பார்த்தேன். மூன்று மணிநேரம் போனதே தெரியவில்லை. ஒன்றுதான் உறுத்தல். ஒப்பனை அறையில் நடிகன் கிகுவோ, தன் குருவின் மகன் ஷுன்சுகேயின் ரத்தத்தைக் குடிக்க வேண்டும் போலிருக்கிறது என்கிறானே, அது மிகையாகப் பட்டது. வாரிசா திறமையா என்றால் திறமைதான் என்று படம் சுலபமாக முடித்துவிடுகிறதோ?

க.

அன்புள்ள க.,

அந்த வசனத்தை எடுத்துவிட்டால் படத்தில் பாதி போய்விடும் என்றே நினைக்கிறேன்.

ஜப்பானின் மரபு நாடகமான கபுகியில் பெயர்தான் சொத்து. அப்பாவின் மேடைப்பெயர் மகனுக்குப் போகும். வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் இல்லை. பந்தோ தமாசாபுரோ கபுகிக் குடும்பத்தில் பிறந்தவரல்ல, தத்துப்பிள்ளையாகப் போய் 2012இல் ஜப்பான் அரசின் ‘வாழும் தேசியச் செல்வம்’ ஆனார். ஆனால் கிகுவோ ஒரு யாகுசா, அதாவது நிழலுலகக் கும்பல் தலைவனின் மகன். ஒன்னகாத்தா, அதாவது நம் நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்பார்களே, அந்த வேடம் கட்டுகிறவன். குரு ஹன்ஜிரோ விபத்தில் அடிபட்டதும் ஒஹட்சு என்ற நாயகி வேடம் சொந்த மகனைத் தாண்டி இவனுக்கு வருகிறது. மேடையேறும் நேரத்தில் கை நடுங்குகிறது, தூரிகை நிற்கவில்லை. வேடத்தைப் பறிகொடுத்த ஷுன்சுகேயே அவனுக்குக் கண் வரைந்துவிடுகிறான். என்னைக் காப்பாற்ற ஒரு வம்சம் இல்லையே என்ற பயத்தில் வருகிற பேச்சு அது. அதை எப்படி மிகை என்பது?

சரி, அந்த ரத்தம் என்ன செய்கிறது? ஹன்ஜிரோவுக்குச் சர்க்கரை நோய், பார்வை போகிறது. மகனுக்கும் அதே நோய், ஒரு காலை எடுத்துவிடுகிறார்கள். பெயர் வந்த வழியிலேயே நோயும் வந்திருக்கிறது.

அப்புறம் ஒஹட்சு வரும் அந்த நாடகம். நாடகாசிரியர் சிகமாட்சு 1703இல் பொம்மலாட்டத்துக்கு எழுதிய ‘சொனெசாகி ஷின்ஜூ’. காதலன் தொகுபேய் திண்ணைக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். மேலே உட்கார்ந்திருக்கும் ஒஹட்சு, என்னோடு சாகத் துணிவாயா என்பதைக் காலாலேயே கேட்கிறாள். அவன் அந்தப் பாதத்தை எடுத்துத் தன் கழுத்தின் குறுக்கே இழுத்துப் பதில் சொல்கிறான். படத்தின் பிற்பகுதியில் ஒஹட்சு ஷுன்சுகே, தொகுபேய் கிகுவோ. கைக்கு வருவது மிச்சமிருக்கிற ஒற்றைக் கால். அதுவும் கறுத்துப்போயிருக்கிறது. எந்த ரத்தத்துக்கு ஏங்கினானோ, அது அந்தக் காலில் ஓடவில்லை.

திறமை ஜெயித்துவிட்டது என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு முறை பார்க்க வாய்த்தால், அந்தப் பாதத்தைப் பிடித்திருக்கும் கிகுவோவின் முகத்தை மட்டும் பாருங்கள்.