பாலக்கோட்டில் இருக்கும் அண்ணன் மகனுக்கு புரோட்டான் சிகிச்சை கிடைக்குமா?

வயது 9, மெடுல்லோபிளாஸ்டோமா (சிறுமூளையில் வரும் புற்றுக்கட்டி), அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, புரோட்டான் என்னும் துகளால் தரும் கதிர் சிகிச்சைக்குத் தகுதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் உண்டு. இந்தக் கட்டிக்கு மூளை, தண்டுவடம் முழுவதுக்கும் கதிர் கொடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரே கதிர் முதுகில் புகுந்து இதயம், குடல் வழியாக முன்பக்கம் வெளியேறும். புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடும். வளரும் பிள்ளைக்கு அதுதான் லாபம். மற்றபடி, கட்டியை அழிப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘புரோட்டான் என்றால் கட்டாயம் குணமாகும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எபென்டிமோமா (மூளை, தண்டுவடத்தில் வரும் இன்னொரு கட்டி), மண்டையோட்டு அடியில் வரும் கார்டோமா என்ற எலும்புக் கட்டி போன்றவற்றுக்கும் புரோட்டானைப் பரிந்துரைப்பார்கள். ரத்தப் புற்றுக்கும் உடலெங்கும் பரவிய கட்டிக்கும் பொதுவாக இல்லை.

சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019 முதல் இயங்குகிறது. நவி மும்பை கார்கரில் டாடா மையமும் உண்டு. சிகிச்சை திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், சுமார் 6 வாரம். தர்மபுரியிலிருந்து போய்வர முடியாது, தங்கத்தான் வேண்டும்.

பயாப்ஸி முடிவு, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்ஆர்ஐ எல்லாவற்றையும் இப்போதே மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். கதிர் வழக்கமாக அறுவைக்குப் பின் 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். இடமோ பணமோ கிடைக்கத் தாமதமானால், காத்திருக்காமல் சாதாரணக் கதிரையே தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.