சன்ஸ்கிரீனை நிறுத்திவிட்டேன், தேங்காயெண்ணெய் போதுமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. சனி, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட் குளத்தில் நீச்சல் வகுப்பு. கடையில் வாங்கிய சன்ஸ்கிரீனின் பின்பக்கத்தை ஒரு நாள் படித்தேன். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்றெல்லாம் இருந்தது. இவை ரத்தத்தில் கலக்கும், ஹார்மோனைக் கெடுக்கும் என்று படித்ததும் நிறுத்திவிட்டேன். இப்போது மாமியார் தேங்காயெண்ணெயில் துளி மஞ்சள் கலந்து தடவி அனுப்புகிறார். வந்ததும் நலங்கு மாவு தேய்த்துக் குளியல். இயற்கை முறையிலேயே வெயிலைச் சமாளிக்க முடியாதா? நாலு மாதக் கைக்குழந்தை வேறு இருக்கிறான். அவனுக்கு என்ன செய்வது?

பதில்: டியூபின் பின்பக்கத்தைப் படிக்கிற அம்மாக்கள் குறைவு. நீங்கள் படித்திருக்கிறீர்கள், நல்லது. உங்கள் பயம் வெறும் புரளியால் வந்ததும் இல்லை. ஆனால் பயந்த விஷயம் ஒன்று, அதற்கு நீங்கள் எடுத்த முடிவு வேறொன்று. முதலில் பயத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-லும் 2020-லும் ஆட்களை வைத்துச் சோதித்தது. 2019 சோதனையில் உடம்பின் முக்கால் பாகத்துக்கு, ஒரு நாளைக்கு நாலு தடவை, நாலு நாள் தொடர்ந்து சன்ஸ்கிரீன் பூசினார்கள். ஆக்ஸிபென்ஸோன், அவோபென்ஸோன் போன்றவை ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற அளவைத் தாண்டின. செய்தியில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த 0.5 என்பது 'இதைத் தாண்டினால் ஆபத்து' என்கிற கோடு இல்லை. 'இதைத் தாண்டினால் கூடுதல் பாதுகாப்புச் சோதனை செய்து காட்டு' என்று தயாரிப்பாளரைக் கேட்கிற கோடு. சன்ஸ்கிரீனை நிறுத்துங்கள் என்று அந்த அமைப்பு சொல்லவும் இல்லை. ஹார்மோன் பேச்சு பெரும்பாலும் எலிகளுக்கு நிறைய ஊட்டிச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஆக்ஸிபென்ஸோன் அளவைக் குறைத்தது: முகத்துக்கும் கைக்கும் பூசுவதில் 6 சதவீதம், உடம்பு முழுவதும் பூசுவதில் 2.2 சதவீதம், அதற்கு மேல் கூடாது. ஹவாயில் 2021 முதல் இதற்கு விற்பனைத் தடை என்பது, கடலில் கலந்து பவளப்பாறைகளைக் கெடுக்குமோ என்பதற்காக. ஒயிட்ஃபீல்டில் அந்தக் கவலை நமக்கில்லை.

சரி, இதில் என் முடிவு என்ன? அதே அமெரிக்க அமைப்பு 2019-ல் 16 மூலப்பொருள்களை வரிசைப்படுத்தி, இருக்கிற தகவலை வைத்தே பாதுகாப்பானவை என்று ஏற்கலாம் எனச் சொன்னது இரண்டை மட்டும்தான்: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு. ஏழு வயதுக் குழந்தைக்கு இந்த இரண்டில் ஒன்று இருக்கும்போது ஆக்ஸிபென்ஸோனுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஜிங்க் உள்ளதாக, எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30-க்குக் குறையாததாக, நீரில் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். 30 என்றால் வெயிலில் வரும் புற ஊதாக் கதிரில், தோலைச் சுடுகிற 'பி' வகையில் சுமார் 97 சதவீதம் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம், குழந்தை அதை மூச்சில் இழுத்துவிடும்.

ஜிங்க் ஆக்சைடை 'இயற்கை' என்று எழுதி விற்கிறார்கள். அதுவும் ஆலையில் செய்த பொடிதான். கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதும் சரியில்லை. பெரும்பங்குக் கதிரை அதுவும் உறிஞ்சித்தான் தடுக்கிறது. ஆனால் தோலின் மேலேயே தங்கிவிடுகிறது, அதுதான் நமக்கு வேண்டியது. நம் நிறத்துப் பிள்ளைகளுக்குப் பூசினால் திருநீறு அப்பிய மாதிரி வெள்ளையாகத் தெரியும். தெரியட்டும். காதுமடலையும் பின்கழுத்தையும் விட்டுவிட்டோமா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். கலமைன் லோஷனிலும் ஜிங்க் ஆக்சைடு இருக்கிறதே என்று சிலர் அதைத் தடவுகிறார்கள். அது வெயிலுக்காகச் செய்ததில்லை. ஜிங்க் பொடி வாங்கி வீட்டிலேயே எண்ணெயில் கலக்குவதும் அப்படித்தான். பொடி கட்டி கட்டியாக நிற்கும், கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே வெயில் இறங்கும்.

இனி உங்கள் மாமியாரின் கைப்பக்குவத்துக்கு வருவோம். தேங்காயெண்ணெய்க்கு எஸ்பிஎஃப் ஏழு, எட்டு என்று ஊரெல்லாம் சுற்றுகிற கணக்கு, 2010-ல் நம் நாட்டில் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்துக் கருவியில் அளந்த எண் அது. மனிதத் தோலில் அளந்ததில்லை. அந்த ஏழையே ஒப்புக்கொண்டாலும், நாம் தடவும் மெல்லிய பூச்சு குளத்தில் இறங்கினால் எவ்வளவு நேரம் நிற்கும்? அப்புறம் மஞ்சள். வேட்டியில் சாம்பார் மஞ்சள் பட்டால் பாட்டி என்ன செய்வார்? சோப்புப் போட்டு வெயிலில் காயப்போடுவார், கறை வெளுத்துவிடும். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் தானே சிதைந்துபோகிறது. அதைப் போய்க் காவலுக்கு வைத்தால் எப்படி?

நலங்கு மாவில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். பயத்தம் பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ், இவற்றில் எனக்கு வழக்கில்லை. நாட்டு மருந்துக் கடையில் கட்டிக்கொடுக்கிற பொட்டலத்தில் பல நேரம் கார்போக அரிசியும் இருக்கும். கறுப்பாக, அவரை விதையைச் சிறுத்தாற்போல இருப்பது. அதில் சோரலென் என்ற பொருள் உண்டு. வெண்புள்ளிச் சிகிச்சையில் சோரலென் கொடுத்து, அளந்து ஒளி காட்டுகிறோம். தோல் வெயிலை அதிகமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அங்கே நோக்கம். வெயிலில் போகப்போகிற குழந்தைக்கு அது நேர் எதிர். குளத்திலிருந்து வந்தபின், மாலையில் தேய்த்துக் கழுவினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. காலையில் தேய்த்துவிட்டு வெயிலில் விளையாட அனுப்பாதீர்கள். அடுத்த முறை அரைக்கும்போது கார்போக அரிசியை எடுத்துவிடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எலுமிச்சையும் அதே குடும்ப வேலையைத்தான் செய்யும். போன வருடம் என்னிடம் வந்த எட்டு வயதுப் பையனுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழுப்பு நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. யாரோ அடித்திருக்கிறார்கள் என்று பள்ளியில் பதறிவிட்டார்கள். கதை என்னவென்றால், விளையாட்டு விழா ஒத்திகையில் 'கறுத்துப்போன' கையை வெளுக்க, காலையில் தயிரும் எலுமிச்சைச் சாறும் தேய்த்திருக்கிறார்கள். சாறு வழிந்த தடத்திலேயே வெயில் சுட்டிருக்கிறது. தடம் மறைய மாதக்கணக்காயிற்று.

கறுப்பு என்றதும் இன்னொன்று. சன்ஸ்கிரீன் கேட்டு வரும் பெற்றோரில் பலர் உண்மையில் கேட்பது 'பிள்ளை கறுக்காமல் இருக்க என்ன வழி' என்பதைத்தான். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை, அதற்கு நன்றி. வெயிலில் கறுப்பது நோயல்ல. நம் தோலில் இருக்கிற மெலனின் ஓரளவுக்குப் பிறவிக் குடை. வெள்ளைத் தோலுக்கு வரும் தோல் புற்றுநோய் நம்மவர்களுக்கு அரிது. ஆஸ்திரேலிய எச்சரிக்கைகளை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் நம் தோலும் சுடும், உரியும், வெயில் ஒவ்வாமையில் அரிக்கும். குளத்தில் இது சீக்கிரம் நடக்கும்.

பெங்களூரில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஊர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நின்று நிழலே விழாத நாள் இங்கே வரும். காற்று மட்டும் குளுகுளுவென்று அடிக்கும். சென்னையில் என்றால் அனலே குழந்தையை வீட்டுக்குள் விரட்டிவிடும், இங்கே அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. புற ஊதாக் கதிருக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை. தண்ணீருக்குள் இருந்தாலும் தப்ப முடியாது: அரை மீட்டர் ஆழத்தில்கூட மேலே விழும் புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் வந்து சேரும்.

அப்படியானால் இயற்கைக் காப்பு கிடையாதா என்றால், இருக்கிறது. துணியும் நிழலும். எனக்கு எண்ணெயைவிடவும் கிரீமைவிடவும் இவற்றின் மேல்தான் நம்பிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சன்ஸ்கிரீனைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் உடம்பு முழுவதற்கும் அது 16, 17 கிராம் ஆகும். 50 கிராம் டியூப் மூன்றே தடவையில் காலி! யாரும் அப்படிப் பூசுவதில்லை. பட்டாணி அளவு எடுத்து முகம், கை, கால் எல்லாம் இழுத்துவிடுகிறோம், அட்டையில் போட்ட எண் அங்கேயே செத்துப்போகிறது. அதே பிள்ளைக்குக் கை முழுதும் கால் முழுதும் மூடுகிற நீச்சல் உடை போட்டுவிட்டால், மிச்சம் முகம், காது, கழுத்து, புறங்கை, பாதம். மூன்று நாலு கிராமில் முடிந்துவிடும். ரத்தத்தில் கலக்குமோ என்ற உங்கள் கவலையும் அதே அளவுக்குச் சுருங்கும். உடை அடர்த்தியான நெசவாக, அடர் நிறமாக இருக்கட்டும். வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டைப் போட்டுக் குளத்தில் இறக்காதீர்கள், நனைந்தால் அது சல்லடைதான். கிரீமைத் தண்ணீரில் இறங்கக் கால் மணி முன்பே பூசி, துவட்டிய பிறகும் வெளியிலேயே இருந்தால் மறுபடி பூசுங்கள். குளத்துக்கு நடந்து போகையில் சாதாரணக் கறுப்புக் குடை போதும்.

கைக்குழந்தைக்கு எந்த சன்ஸ்கிரீனும் வேண்டாம். ஆறு மாதம் வரை நிழலும் மெல்லிய முழுக்கை உடையும்தான். எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டுவதை மாமியார் நிறுத்த வேண்டியதில்லை, அது சுகம். ஆனால் காலை ஏழு மணி வெயிலில் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலிலும் அப்படித்தான். முதல் வருடம் முழுவதும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுப்பது வழக்கம், உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். மகளுக்கு சன்ஸ்கிரீனால் வைட்டமின் டி குறையுமோ என்று யோசிக்காதீர்கள், வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரத்தில் அப்படி ஆகாது.

கடைசியாக, அந்த மூன்று மணி. ஏப்ரலில் மூன்று மணிக்கு உங்கள் மகளின் நிழல் அவளைவிடக் குட்டையாகவே இருக்கும். நிழல் குட்டை என்றால் வெயில் கடுமை. நாலரைக்கு அது அவள் உயரத்தைவிட நன்றாக நீண்டுவிடும். இந்தச் சனிக்கிழமை பால்கனியில் நின்று, உங்கள் டவரின் நிழல் எத்தனை மணிக்குக் குளத்தின் மேல் வந்து விழுகிறது என்று பாருங்கள். அந்த நேரத்து பேட்ச்சில் இடம் இருக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள்.